டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்க

(புகையிலையை விடவைப்பதில் மருத்துவர்களின் பங்கு பற்றி, சீவலப்பேரியில் பேசியதன் எழுத்து வடிவம். அங்கே வர முடியாதவர்கள் செல்பேசியில் படித்துக்கொள்ளட்டும் என்று இங்கே தருகிறோம்.)



தாமிரபரணியோட சிற்றாறு வந்து சேருற ஊர் இது. கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் இங்கே இருந்துதான் போகுது. ஊருக்கே தண்ணி கொடுக்கிறவங்க முன்னாடி புகையைப் பத்திப் பேச வந்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில எழுதுற ஆள். ஓபி வரிசையில சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் பேச்சுக் கொடுத்தா எப்படி இருக்கும், அப்படி நினைச்சுக்கோங்க. பீடி கெடுதல், புற்றுநோய் வரும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. சினிமா தியேட்டர்ல படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடறாங்க. நான் பேச வந்தது வேற விஷயம்: நாம டாக்டர்கிட்ட போகும்போது, அந்த ரெண்டு நிமிஷத்துல, பீடியைப் பத்தி என்ன பேச்சு நடக்குது? நடக்குதா?

எங்க வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்கறேன். எங்க ஆச்சி பீடி சுத்துவாங்க. தாத்தா ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிப்பார். ஆச்சி சுத்துனதை அவர் தொட முடியாது, அது எண்ணிக் கட்டி பீடிக்கடைக்குப் போகணும். அவர் பெட்டிக்கடையில காசு கொடுத்து வாங்கித்தான் குடிச்சார். ஒரே வீட்டுல பீடி வரவாவும் இருந்துச்சு, செலவாவும் இருந்துச்சு.

தாத்தாவுக்கு நாலு வருஷம் இருமல். மூணு டாக்டர்கிட்ட போனோம். ஒருத்தர் டானிக் எழுதினார், ஒருத்தர் ஊசி போட்டார், ஒருத்தர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்லை, அது முக்கியமும் இல்லை. நான் கூடப் போயிருக்கேன், அதனால தெரியும். மூணு பேர்ல ஒருத்தர்கூட 'பீடி குடிப்பீங்களா'ன்னு கேட்கலை. தாத்தாவும் சொல்லலை. உள்ளே போறதுக்கு முன்னாடி வாயைக் கொப்பளிச்சு, ஒரு மிட்டாயையும் வாயில போட்டுக்குவார். கட்டு வேட்டி மடிப்புல இருக்கும்.

வீட்டுல அம்மா சத்தம் போடும்போதெல்லாம் தாத்தா சொன்ன பதில் ஒண்ணுதான். "டாக்டரே ஒண்ணும் சொல்லல, நீ எதுக்குட்டி சத்தம் போடுத?"

தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. அந்த பதில்தான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. டாக்டர் கேட்க மறந்திருக்கலாம், நேரம் இல்லாம இருந்திருக்கலாம். ஆனா தாத்தா காதுல அது 'குடிக்கலாம்'னு விழுந்திருக்கு. டாக்டர் பேசினா மட்டும்தான் நாம அதை மருந்தா எடுத்துக்கறோம்னு இல்லை. அவர் பேசாம இருக்கிறதையும் நாம ஒரு மருந்துச் சீட்டு மாதிரிதான் எடுத்துக்கறோம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2016-17ல மத்திய சுகாதாரத் துறை நாடு முழுக்க பெரியவர்களின் புகையிலைப் பழக்கத்தைப் பத்தி ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. நாட்டுல பெரியவங்கள்ல 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில புகையிலையைப் பயன்படுத்தினாங்க. தமிழ்நாட்டுல 20 சதவீதம், அதாவது அஞ்சுல ஒருத்தர். அந்தக் கணக்கெடுப்புல இன்னொரு கேள்வியும் இருந்துச்சு. கடந்த 12 மாசத்துல டாக்டரையோ நர்ஸையோ பார்த்தீங்களா, அப்போ அவங்க 'விட்டுடுங்க'ன்னு சொன்னாங்களா? புகைக்கிறவங்கள்ல 48.8 சதவீதம் பேர் 'சொன்னாங்க'ன்னு பதில் கொடுத்தாங்க. பாதிக்கும் கொஞ்சம் குறைவு. வெத்திலையோட புகையிலை போடுறவங்க, ஹான்ஸ், குட்கா மாதிரி வாயில அடக்கிக்கிறவங்க, இவங்கள்ல 31.7 சதவீதம்தான்.

அதே கணக்கெடுப்புல, புகைக்கிறவங்கள்ல 55.4 சதவீதம் பேர் விடணும்னு யோசிச்சுக்கிட்டிருக்கிறதா சொல்லியிருக்காங்க. விட நினைக்கிற ஆள் டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கார். டாக்டர் கேட்கலை, இவரும் சொல்லலை. ரெண்டு பேரும் மௌனமா இருந்துட்டு, இருமல் மருந்தோட எழுந்து வந்துடறாங்க.

ரெண்டு நிமிஷத்துல என்ன ஆகும்?

'டாக்டர் சொன்னா மட்டும் விட்டுருவானா?' சிரிக்காதீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். இதை ஒரு டாக்டரே ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்கார். லண்டன்ல மைக்கேல் ரஸ்ஸல்னு ஒரு மனநல மருத்துவர், 1979ல வெளியான ஆய்வு. 28 குடும்ப டாக்டர்கள், அவங்ககிட்ட வேற வேற நோவுக்காக வந்த 2,138 புகைக்கிறவங்க. ஒரு பகுதியினர்கிட்ட புகையைப் பத்தி எதுவுமே பேசலை. இன்னொரு பகுதியினர்கிட்ட டாக்டர் ஓரிரு நிமிஷம் ஒதுக்கி, 'இதை விடணும்'னு தெளிவாச் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, 'பிறகு விசாரிப்போம்'னும் சொல்லி அனுப்பினாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, எதுவும் பேசாதவங்கள்ல தொடர்ந்து விட்டிருந்தது 0.3 சதவீதம். பேசி அனுப்பினவங்கள்ல 5.1 சதவீதம்.

நூத்துக்கு அஞ்சுதானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா ஒரு டாக்டரோட ஓபியில ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க, அவங்கள்ல எத்தனை பேர் பீடி, சிகரெட், புகையிலைன்னு எண்ணிப் பாருங்க. வருஷம் முழுக்க, மாநிலத்துல இருக்கிற எல்லா டாக்டரும் அதே ரெண்டு நிமிஷத்தைச் செலவு பண்ணினா? செலவில்லாத வைத்தியத்துல இதைவிடப் பெரிய பலன் கொடுக்கிறது அதிகம் இல்லை.

கேரளத்துல ஒரு ஆய்வு இன்னும் நம்ம பக்கத்துக்கு நெருக்கமானது. 2013ல வெளியாச்சு. சர்க்கரை நோயும் இருந்து புகைக்கவும் செய்யற 224 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு டாக்டர் அறிவுரையும் படிக்கிறதுக்குத் தாள்களும். இன்னொரு குழுவுக்கு அதோட சேர்த்து, டாக்டர் அல்லாத ஒரு பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் உட்கார்ந்து பொறுமையா ஆலோசனை சொன்னார். ஆறு மாசம் கழிச்சு, முதல் குழுவுல 12.5 சதவீதம் பேர் விட்டதாச் சொன்னாங்க. ரெண்டாவது குழுவுல 51.8 சதவீதம். டாக்டர் ஆரம்பிச்சு வைக்கணும், பக்கத்துல ஒருத்தர் தொடர்ந்து பிடிச்சு இழுக்கணும். வரிசையில நூறு பேர் நிக்கிற ஓபியில டாக்டர் எப்படிப் பேசுவார்னு கேட்கிறவங்களுக்கு, என் பார்வையில, இதுதான் பதில்.

டாக்டர்களே முதல்ல விட்ட கதை

புகையிலைக்கு எதிரான சாட்சியத்தைக் கொண்டு வந்ததே டாக்டர்கள்தான். அதுலயும் டாக்டர்கள் தங்களையே ஆராய்ச்சிக்குக் கொடுத்தாங்க. 1951ல ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டன்ல இருக்கிற டாக்டர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, 'நீங்க புகைக்கிறீங்களா, எவ்வளவு?'ன்னு கேட்டாங்க. சுமார் 40,000 பேர் பதில் எழுதினாங்க. அவங்கள்ல ஆண் டாக்டர்கள் 34,439 பேரை 50 வருஷம் தொடர்ந்து கவனிச்சு, 2004ல முடிவை வெளியிட்டாங்க. புகைப்பழக்கத்தைத் தொடர்ந்தவங்க சராசரியா 10 வருஷம் முன்னாடியே இறந்துபோனாங்க. 60 வயசுல விட்டவங்களுக்கு அதுல 3 வருஷம் திரும்பக் கிடைச்சுது. 50ல விட்டா 6, 40ல விட்டா 9, 30ல விட்டா கிட்டத்தட்ட முழுசும். 'இந்த வயசுல விட்டு என்ன ஆகப் போகுது'ன்னு திண்ணையில உட்கார்ந்து சொல்ற பெரியப்பாக்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க. டால் முன்பு தானும் புகைச்சவர்தான். தன் ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சதும் விட்டுட்டார்.

அது வெள்ளைக்காரங்க கணக்கு, சிகரெட் கணக்கு, நம்ம பீடிக்கு இது பொருந்துமான்னு ஒரு கேள்வி வரும். அதுக்குப் பதில் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மத்தவங்களும் சேர்ந்து நடத்தின ஆய்வு, 2003ல லான்செட் இதழ்ல வந்துச்சு. சென்னையிலயும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்கள்லயும் இறந்துபோன 43,000 ஆண்களோட வீடுகளுக்குப் போய், 'எதனால இறந்தார், புகைச்சாரா?'ன்னு விசாரிச்சாங்க. உயிரோட இருந்த 35,000 ஆண்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க.

அதுல கிடைச்ச முடிவு பலருக்குப் புதுசு. புகைக்கிறதுன்னா நுரையீரல் புற்றுநோய்ன்னுதான் அதுவரைக்கும் பேச்சு. நம்ம ஊர்ல புகை அதிகமா ஆளைக் கொன்னது காசநோய் வழியா. புகைக்கிற ஆண் காசநோயால இறக்கிற ஆபத்து, புகைக்காதவரைவிட சுமார் நாலு மடங்கு. இந்தியாவுல காசநோயால இறக்கிற ஆண்கள்ல பாதிப் பேரோட சாவுக்கு புகைப்பழக்கமும் ஒரு காரணம்னு அந்த ஆய்வு சொல்லுச்சு. தொடர்ந்து புகைக்கிற ஆண்கள்ல நாலுல ஒருத்தரை 25லிருந்து 69 வயசுக்குள்ள அந்தப் பழக்கமே கொல்லும்னும், அப்படிப் போறவங்க சுமார் 20 வருஷ ஆயுளை இழக்கறாங்கன்னும் கணக்குப் போட்டாங்க. நாலு வருஷம் இருமின ஒருத்தரோட பேரனுக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க.

'பீடியில இலைதானே, பேப்பர் இல்லையே, தூளும் கொஞ்சம்தானே'ன்னு இன்னும் சிலர் சொல்றாங்க. தூள் கொஞ்சம்தான். ஆனா பீடி அணைஞ்சு அணைஞ்சு போகும், அணையாம இருக்க நீங்க அடிக்கடி, ஆழமா இழுக்கறீங்க. 2008ல வந்த இன்னொரு பெரிய இந்திய ஆய்வு, பீடி குடிக்கிற ஆண்கள் சராசரியா 6 வருஷ ஆயுளை இழக்கறதாவும், பெண்கள்னா 8 வருஷம்னும் சொல்லுது.

டாக்டர்கள் சேர்த்து வெச்ச இந்தச் சாட்சியங்கள் இல்லாம சட்டம் வந்திருக்காது. 2003ல புகையிலைப் பொருள் சட்டம், 2008 அக்டோபர் 2லிருந்து பொது இடத்துல புகைக்கத் தடை, 200 ரூபாய் வரை அபராதம், 2013ல தமிழ்நாட்டுல குட்காவுக்குத் தடை, 2016லிருந்து பாக்கெட்டுல 85 சதவீத இடத்துல எச்சரிக்கைப் படம். இதெல்லாம் நீங்க அறிஞ்சதுதான். பொது இடத் தடை விதியில ஒரு சின்ன விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது. டீக்கடை மாதிரி இடங்கள்ல சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர்னு புகைக்க வசதி பண்ற எதையும் வைக்கக்கூடாது. பத்த வைக்கறதுக்குன்னு ஒரு கயிறு கனிஞ்சுக்கிட்டே தொங்குமே, அதுவும் இந்தக் கணக்குல வரும்னுதான் நான் படிச்ச வரைக்கும் புரியுது.

டாக்டர்களும் படிச்சுக்கிட்டே இருக்கணும்

இப்போ நீங்க கேட்கலாம். இவ்வளவு தெரிஞ்சும் டாக்டர்கள் ஏன் கேட்கறதில்லை?

நேரமின்மை ஒரு காரணம்னு சொன்னேன். இன்னொரு காரணம் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகள்ல மூணாம் வருஷ மருத்துவ மாணவர்கள்கிட்ட ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. நோயாளியைப் புகையிலையை விட வைக்கிறது எப்படின்னு வகுப்புல முறையாச் சொல்லிக் கொடுத்தாங்களான்னு கேட்டா, பெரும்பாலானவங்க 'இல்லை'ன்னாங்க. அந்தப் பயிற்சி வேணுமான்னு கேட்டா கிட்டத்தட்ட எல்லாருமே 'வேணும்'னாங்க. நுரையீரல்ல புகை என்ன பண்ணும்னு அவங்களுக்கு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எதிர்ல இருக்கிற மனுஷனைத் திட்டாம, பயமுறுத்தாம, எப்படிப் பேச்சை எடுக்கிறதுங்கிறது வேற படிப்பு.

படிப்பு முடிஞ்ச பிறகும் டாக்டர்கள் படிச்சாகணும்னு விதி இருக்கு. 2002ல வந்த மருத்துவர்களுக்கான நடத்தை விதிமுறையில, அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில கலந்துக்கணும்னு இருக்கு. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இந்தக் கூட்டங்களை அங்கீகரிச்சு மதிப்பெண் கொடுக்குது. ஞாயித்துக்கிழமை ஒரு மண்டபத்துல புது மருந்து, புது அறுவை சிகிச்சைன்னு பேச்சு நடக்குமே, அதுதான். அந்த 30 மணி நேரத்துல ஒரு மணி நேரமாவது புகையிலையை விடவைக்கிற பேச்சுக்குன்னு ஒதுக்கணும்ங்கிறது என் ஆசை. ஸ்லைடு போட்டு விளக்கறதோட நிக்காம, ஒருத்தர் நோயாளியாவும் ஒருத்தர் டாக்டராவும் உட்கார்ந்து பேசிப் பழகணும். 2005ல உலகப் புகையிலை ஒழிப்பு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கிட்ட பொருளே மருத்துவத் துறையினரோட பங்குதான். அதுக்கு முந்தின வருஷம் மருத்துவ அமைப்புகள் ஜெனீவாவுல கூடி வகுத்துக்கிட்ட நடத்தை நெறியில, 'நாமளே முன்மாதிரியா இருக்கணும்'ங்கிறது ஒண்ணு. சட்டைப்பையில சிகரெட் பாக்கெட் தெரியற டாக்டர் சொன்னா யார் கேட்பா?

பயிற்சி எடுத்த டாக்டரோ நர்ஸோ என்ன கேட்பாங்கன்னு நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பீடியா, சிகரெட்டா, வாயில போடுறதா? ஒரு நாளைக்கு எத்தனை? அடுத்த கேள்வி கொஞ்சம் விநோதமா இருக்கும்: காலையில முழிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் பீடி? இதுதான் உள்ளதுலயே முக்கியமான கேள்வி. முழிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா, உடம்பு நிகோடினுக்கு நல்லா அடிமையாயிருக்குன்னு அர்த்தம். அப்படிப்பட்டவருக்கு 'மனசு வெச்சா விட்டுரலாம்'னு சொல்றது பாதி உதவிதான். அவருக்கு மருந்து வேணும். பிறகு 'எந்தத் தேதியில விடப் போறீங்க?'ன்னு கேட்டு ஒரு நாளைக் குறிப்பாங்க. அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு வாரத்துலயே மறுபடி விசாரிப்பாங்க, ஏன்னா முதல் ஒண்ணு ரெண்டு வாரம்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல் வரும், தூக்கம் வராது, காரணமில்லாம வீட்டுல சண்டை வரும். வீட்டுல இருக்கிறவங்க அந்த ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் பொறுத்துப் போங்க, இருமல் சத்தத்தைவிட அது மேல்.

நிகோடின் சூயிங்கம் பத்தி ஒரு வார்த்தை. மருந்துக்கடையில கிடைக்குது. 2022ல நிகோடின் மாற்று மருந்தை நாட்டோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. வாங்கின பலர் 'வேலை செய்யலை'ன்னு சொல்றதுக்குக் காரணம், மிட்டாய் மாதிரி விடாம மென்னு விழுங்கறதுதான். கொஞ்சம் மென்னு, காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். காரம் போனதும் மறுபடி மெல்லணும். டீ, காபி குடிச்ச உடனே போட்டாலும் பலன் குறையும். நெஞ்சுவலி, கர்ப்பம் மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் தொடங்கணும். டாக்டர் சீட்டுல எழுதிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நீங்க கேட்டு வாங்குங்க.

பீடி சுத்துறவங்களுக்கு

இந்த மாவட்டத்துல நின்னுக்கிட்டு இதைச் சொல்லாம போனா ஆச்சி என்னை மன்னிக்க மாட்டாங்க. மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், அந்தப் பக்கம் ஆலங்குளம்னு எத்தனை வீட்டுத் திண்ணையில தட்டும் கத்திரியும் இருக்கு. அந்தத் தட்டுலதான் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்கு, பொண்ணுங்களுக்குக் கல்யாணம் நடந்திருக்கு. என் படிப்புல பாதியும் அதுலதான். பீடி சுத்துற அக்காமார்களைக் குத்தம் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

ஆனா இவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். குடிக்காட்டியும், தூளோடயே உட்கார்ந்திருக்கிறவங்க உடம்புல நிகோடின் தோல் வழியாவும் தூசி வழியாவும் ஏறும். தும்மல், இருமல், தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போறப்போ 'நான் பீடி சுத்துறேன்'னு டாக்டர்கிட்ட சொல்லணும். பெண்கள்கிட்ட புகையிலையைப் பத்தி யாரும் கேட்கறதே இல்லை, அதனால நீங்கதான் சொல்லியாகணும். கர்ப்பமா இருந்தா கட்டாயம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீங்க, தட்டுப் பக்கத்துல தொட்டில் கட்டாதீங்க. பீடித் தொழிலாளர்களுக்குன்னே மத்திய அரசு மருத்துவமனை முக்கூடல்ல இருக்கு. (பள்ளுப் பாட்டுல வர்ற முக்கூடல் உங்க ஊர்ப் பக்கம் இருக்கிறது. நான் சொல்றது மேற்கே இருக்கிற முக்கூடல் ஊர். பஸ் ஏறும்போது குழம்பிடாதீங்க.)

வெத்திலையோட புகையிலை போடுற ஆச்சிமார்களும் இதே கணக்குதான். 'அது பல்லுக்கு நல்லது'ன்னு சொல்றதை நான் நூறு தடவை கேட்டிருக்கேன். 2016-17 கணக்கெடுப்புல, நாட்டுல புகைக்கிறவங்களைவிட வாயில போடுறவங்கதான் அதிகமா இருந்தாங்க: 10.7 சதவீதத்துக்கு 21.4 சதவீதம். வாய்க்குள்ள ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்கவே கஷ்டம், இதுல எது இருந்தாலும் பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அவரும் புகையிலையைப் பத்திக் கேட்க வேண்டிய டாக்டர்தான்.

நீங்க என்ன செய்யலாம்

கையில எல்லார்கிட்டயும் போன் இருக்கு. இப்பவே எடுத்து ஒரு எண்ணைச் சேமிச்சுக்கோங்க: 1800-11-2356. புகையிலையை விட உதவுற தேசிய இலவச எண். புகையிலைப் பாக்கெட்டுலயும் பீடிக் கட்டுலயும் 2018லிருந்து அச்சடிச்சிருக்காங்க. சில்லறையா ஒண்ணு ரெண்டு வாங்குறவங்க கண்ணுல அது படறதே இல்லை. தென் மாநிலங்களுக்கான சேவையை பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்துது, தமிழ்ல பேசலாம். பேசக் கூச்சமா இருந்தா 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுங்க, குறுஞ்செய்தியா ஆலோசனை வரும். மாநில அரசோட 104 எண்லயும் உடல்நலம் பத்தின சந்தேகம் கேட்கலாம்.

போன்ல பேசறது, நேர்ல டாக்டர்கிட்ட பேசறதுக்குப் பதில் ஆகாது. அதனால அடுத்த தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போறப்போ, எந்த நோவுக்காகப் போனாலும் சரி, உட்கார்ந்ததும் சொல்லுங்க: "சார், நான் தினம் இத்தனை பீடி குடிக்கிறேன். விடணும். என்ன வழி?" இல்லைன்னா, "டாக்டரம்மா, இங்க புகையிலையை விட ஆலோசனை கொடுக்கிறவங்க யாரு?" அவர் திட்டினா திட்டட்டும். அடுத்த தடவை அவரே கேட்பார். நோயாளிகள் கேட்கக் கேட்கத்தான் டாக்டர்களுக்கும் இதைப் படிக்கணும்னு தோணும்னு நான் நம்பறேன்.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் வழியா, பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வர்றாங்களே, அந்த அக்காகிட்டயும் சொல்லலாம். பிரஷருக்கு மாத்திரையும் போட்டுக்கிட்டு பீடியும் குடிச்சா, ஒரு கையால தண்ணி இறைச்சு இன்னொரு கையால ஓட்டை போடுற மாதிரி. காசநோய்க்கு மாத்திரை எடுக்கிறவங்க வீட்டுல இருந்தா, அவங்க சார்பா நீங்களே கேட்டுடுங்க. நோயாளியோட துணைக்குப் போற நம்மள மாதிரி ஆட்கள், கொஞ்சம் வாயைத் திறக்கணும். நான் அன்னைக்குத் திறக்கலை. பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்து எக்ஸ்ரே கவரை மடியில வெச்சுக்கிட்டு, டாக்டருக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அவ்வளவுதான். யாருக்காவது கேள்வி இருந்தா கேளுங்க. மடியில கட்டு இருந்தாலும் பரவாயில்லை, எழுந்திரிச்சுக் கேளுங்க.